என்னைப் பற்றிய பக்கத்தை எடுத்துவிடு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் நலமாக இருக்கிறோம், அவருடைய இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதைப் பற்றி அவரே ஒரு நாளைக்கு நான்கு தடவை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அறிவித்துவிடுவதால் நான் தனியாக எழுத வேண்டியதில்லை. நீயும் மருமகளும் குட்டியும் உடம்புக்கு ஒன்றும் வராமல் நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். போனில் சொல்லாமல் ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒரு வாக்கியம் தொடங்கினால் நீ பாதியில் புகுந்து முடித்துவைக்கிறாய், அதுவும் தப்பாக முடித்துவைக்கிறாய். தாளில் புக முடியாது. ஆகவே இதைக் கடைசி வரை படி, நடுவில் எழுந்து போகாதே, கம்ப்யூட்டரையும் மூடி வை.

முதலில் வீட்டுச் செய்தி. போன வருஷம் வந்திருந்தபோது எல்லாரையும் கூடத்தில் உட்காரவைத்து, இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறது, அதில் யார் வேண்டுமானாலும் எழுதலாம், நான் ஒன்பது வருஷமாக எழுதுகிறேன் என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனாய். நீ சொன்னது அரை மணி நேரம், இவர்கள் காதில் விழுந்தது யார் வேண்டுமானாலும் என்பது மட்டும். நீ விமானம் ஏறின மறு வாரமே உன் சித்தப்பா தன் டியூஷன் சென்டரைப் பற்றி ஒரு கட்டுரை போட்டார். அதில் சென்டரின் வரலாறு இரண்டு வரி, சித்தப்பாவின் வரலாறு இரண்டு பக்கம், கடைசியில் போன் நம்பரும் சேர்க்கை நடைபெறுகிறது என்ற வாசகமும். கால் மணி நேரத்தில் தூக்கிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கெல்லாம் படித்தவனைக் கண்டால் ஆகாது என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். உன் அத்தை இருக்கிறாளே, அவள் தன் வீட்டுக்காரர் பஸ் டிப்போவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றதைப் பற்றி எழுத வேண்டும் என்று என்னிடம் வந்து நின்றாள். ஆதாரம் என்ன இருக்கிறது என்றேன். வழியனுப்பு விழாவில் எடுத்த படம் ஒன்றைக் கொண்டுவந்தாள், அதில் அந்த மனிதர் முகத்தைப் பூங்கொத்து மறைத்துக்கொண்டிருக்கிறது. உன் அப்பா மட்டும் சும்மா இருப்பாரா. நடைப்பயிற்சியின் நன்மைகள் என்று எழுதினார், சோபாவை விட்டு எழாமல் எழுதினார். அது அறிவுரை, கட்டுரை இல்லை என்று நீக்கினார்கள். பிறகு எங்கள் தெரு என்று ஒன்று எழுதினார், அதில் எந்த வீட்டுக்காரர் குப்பையை எந்த வீட்டு வாசலில் கொட்டுகிறார் என்ற விவரமெல்லாம் இருந்தது. நல்ல வேளை, அக்கம்பக்கத்தார் படிப்பதற்கு முன்னால் அதுவும் போய்விட்டது.

இவர்கள் இப்படித் தலைகால் புரியாமல் ஆடுவதைப் பார்த்துத்தான் நான் உன்னிடம் கேட்டேன், அப்படியானால் எதைப் பற்றித்தான் எழுதலாம் என்று. நீ ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் வந்து வாத்தியார் மாதிரி பாடம் நடத்தினாய். நான் பழைய நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன், இதோ பக்கத்திலேயே இருக்கிறது. தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது என்றாய். ஏற்கெனவே அங்கே இருக்கிறதா என்று முதலில் தேடு என்றாய். நமக்குத் தெரியும் என்பது போதாது, நமக்குச் சம்பந்தமே இல்லாத நாலு பேர் அதைப் பற்றி விரிவாக எழுதி அச்சில் வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தத் தலைப்பு எவ்வளவு நல்லதானாலும் அங்கே ஆகாது என்றாய். துணி என்று எழுதக் கிளம்பினால் முழுகிப்போவாய் அம்மா, துணியில் ஏதாவது ஒன்றைப் பிடி என்றாய். எல்லாவற்றுக்கும் மேலாக, தன்னைப் பற்றி, தன் வீட்டாரைப் பற்றி, தன் முதலாளியைப் பற்றி எழுதவே கூடாது, பாசம் இருக்கிற இடத்தில் கை நேராக நிற்காது என்றாய். இந்தக் கடைசி வாக்கியத்துக்குக் கீழே நான் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாகப் பேசுகிற பிள்ளையை நான்தான் பெற்றேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, உன் அப்பா வழியில் அப்படி யாரும் கிடையாது.

உன் பாடத்தைக் கேட்டவள் சும்மா இல்லை. சும்மா படித்துப் பார்க்கிறேன் என்று உன்னிடம் சொல்லிவிட்டு, நூலகத்துக்கு நடையாய் நடந்து, துணிக்குப் போடும் நீலத்தைப் பற்றிப் பக்கம் ஒன்று எழுதினேன். வெளுப்புத் தூள் பக்கத்தில் இருந்த இரண்டு தப்பைத் திருத்தினேன். ஒன்றையும் யாரும் நீக்கவில்லை. பயனர் பெயர் என்ன வைத்துக்கொண்டேன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன், சொன்னால் நீ மேற்கொண்டு படிக்க மாட்டாய்.

இப்போது உன் லட்சணத்துக்கு வருகிறேன். என் பிறந்த நாள் அன்று காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், அத்தை போன் செய்து, அண்ணி, உங்களைப் போட்டுட்டாங்களாமே, எங்க வீட்டுக்காரரை மட்டும் போடமாட்டேங்கிறாங்க என்று அழாத குறையாகச் சொன்னாள். வாயைக் கொப்பளித்துவிட்டுப் போய்ப் பார்த்தால் கலைக்களஞ்சியத்தில் என் பெயரில் ஒரு பக்கம், நான் ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் மெஷின் பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்கிற பழைய படம், நீ பிறந்த நாள் பரிசாகப் போட்டிருக்கிறாய். மருத்துவமனைச் சலவைத் துறையின் முன்னோடி என்று முதல் வரி. நான் எதற்கு முன்னோடி. எனக்கு முன்னால் இரண்டு மேற்பார்வையாளர்கள் அந்த நாற்காலியைத் தேய்த்துவிட்டுப் போனார்கள், நான் மூன்றாவதாக உட்கார்ந்தவள். அப்புறம், தன் உயிரைத் துச்சமென மதித்து மின்னல் வேகத்தில் பாய்ந்து வலது பக்கச் சுவிட்சை அணைத்துச் சக ஊழியரைக் காப்பாற்றினார் என்று ஒரு வரி. ஏண்டா, துச்சமென மதித்து என்று எழுதுகிறவன் கலைக்களஞ்சியத்தில் எழுதுகிறானா, மேடையேறிப் பேசுகிறானா. கீழே சான்றுகள் என்று மூன்று. ஒன்று, மருத்துவமனையின் வெள்ளி விழா மலர், அதைத் தொகுத்தவர் உன் அப்பா. இரண்டாவது, உன் வலைப்பதிவில் நீயே எழுதிய என் அம்மா என்ற கட்டுரை. மூன்றாவது, சித்தப்பாவின் டியூஷன் சென்டர் வலைத்தளத்தில் வந்த பிறந்த நாள் வாழ்த்து. சம்பந்தமே இல்லாத நாலு பேர் என்றாயே, மூன்று பேரும் நம் வீட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள். சித்தப்பாவாவது விளம்பரம் என்று தெரிந்து விளம்பரம் செய்தார். நீ ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துவிட்டு, நான் இவளுடைய மகன் என்று ஒரு வார்த்தை சொல்லாமல், புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு செய்தாய். எனக்கு வெட்கமாக இருந்தது.

அதோடு போயிருந்தால் போனில் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பேன். நாலாம் நாள் மத்தியானம் ரேடியோ அக்கா வந்தாள். உனக்கு அவளை ஞாபகம் இருக்காது. சலவைக் கூடத்தில் எனக்கு மூன்று வருஷம் மூத்தவள், ரோலர் சத்தத்தையும் மீறிச் செய்தி வாசிக்கிற குரலில் யார் வீட்டில் என்ன நடந்தது என்று படித்துக்கொண்டே இருப்பாள், அதனால் அந்தப் பெயர். நீ காப்பாற்றப்பட்ட சக ஊழியர் என்று எழுதியிருக்கிறாயே, அது அவள்தான். நீ கைக்குழந்தையாக இருந்ததிலிருந்து நம் வீட்டு வாசலை மிதிக்காதவள். கையில் பாலித்தீன் உறை, அதற்குள் உன் கட்டுரை, ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்திருக்கிறாள். முன்னறையில் உட்கார்ந்து, நான் கேட்காமலேயே, அந்தப் பழைய குரலில் முதல் வரியிலிருந்து வாசித்தாள். சுவிட்ச் வரி வந்ததும் நிறுத்திவிட்டு, சுவிட்ச் வலது பக்கம்னு போட்டிருக்கே, இடது பக்கம்தானே இருந்துச்சு என்றாள். அவ்வளவுதான். பிறகு மிச்சத்தையும் வாசித்து முடித்தாள். டீ கொடுத்தேன், டம்ளரை இடது கையால் வாங்கிக் குடித்தாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, உன் மகன் நல்லா எழுதுறான், அவனுக்கு இதெல்லாம் யார் சொன்னா என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் கதவைப் பிடித்துக்கொண்டு அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலம் விளக்கு போட்டதும் முதல் வேலையாக உன் பக்கத்தின் தலையில் நீக்கப் பரிந்துரை என்ற மஞ்சள் பெட்டியை வைத்தவள் நான்தான். வெள்ளைத்துணி என்ற பயனர் உன் அம்மா. நீ மூன்று வாரமாக உரையாடல் பக்கத்தில் மல்லுக்கு நிற்கிறாயே, அது என்னோடுதான். துணிக்குப் போடும் நீலம் கட்டுரைக்கு நீயே வந்து அருமை, தொடர்ந்து எழுதுங்கள் ஐயா என்று பாராட்டிவிட்டுப் போனாய். ஐயாவாம். துணிக்கு எத்தனை தடவை நீலம் போட்டால் எந்த நிறம் வரும் என்று இவ்வளவு விவரமாக எழுதுகிற ஐயா எந்த வீட்டில் இருக்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா. பெட்டி வைத்ததும் பாராட்டெல்லாம் பறந்துவிட்டது. வெள்ளைத்துணி தாழ்வு மனப்பான்மை உள்ளவர் என்றாய். உழைக்கும் பெண்கள் மேல் வெறுப்பு உள்ளவர் என்றாய். முப்பத்திரண்டு வருஷம் கஞ்சித் தண்ணீரில் நின்று கால் வெடித்துப் போனவளைப் பார்த்துச் சொன்னாய். கடைசியாக, உங்களுக்கெல்லாம் அம்மா என்று ஒருத்தி இருந்திருந்தால் இப்படிச் செய்ய மனசு வருமா என்று எழுதினாய். அதற்குக் கீழே நான் சான்று தேவை என்று எழுதினேன், பார்த்திருப்பாய். அதை எழுதிவிட்டு நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன், அப்புறம் அழுதேன், உன் அப்பா வந்து என்ன என்று கேட்டார், வெங்காயம் என்றேன். கையில் டேப்லெட் இருந்தது, வெங்காயம் இல்லை, அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை.

இப்போது நிலைமை என்ன என்று உனக்கே தெரியும். நாம் இரண்டு பேரும் போட்ட கூச்சலில் நிர்வாகி விவாதத்தை மாதக் கடைசி வரை நீட்டித்திருக்கிறார். வெள்ளி விழா மலர் அச்சில் வந்தது, ஒரு மருத்துவமனை வெளியிட்டது, ஆகவே அது சான்றாகும், பக்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சாய்கிறார். அவர்மேல் தப்பில்லை, தொகுத்தவர் யார் என்று அவருக்குத் தெரியாது. அது சரியில்லை, நடந்தது வேறு என்று நான் எழுதலாம். எழுதினால் முதல் கேள்வி, உங்களுக்கு எப்படித் தெரியும். நான் அங்கே நின்றேன், என் கண்ணால் பார்த்தேன் என்று சொன்னால், உன் பாடத்தின்படியே, அது சான்றில்லை. பொய் அச்சில் இருக்கிறது, உண்மை என் வயிற்றில் இருக்கிறது. அதனால்தான் தலைப்பே பொருத்தமில்லை என்று மட்டும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அந்த மலரைப் பற்றிச் சொல்கிறேன். அப்போது உன் அப்பா அலுவலகத்தில் கிளார்க், மலர் வேலையை அவர் தலையில் கட்டியிருந்தார்கள். நோட்டோடு சலவைக் கூடத்துக்கு வந்தார். விபத்து நடந்து நாலு மாசம் ஆகியிருந்தது. சுவிட்சை அணைத்து மெஷினை நிறுத்தினது யார் என்று கேட்டார். அப்போது பக்கத்தில் நின்றவள் நான் ஒருத்திதான் என்பதால் அந்த நேரத்து மேற்பார்வையாளர் என்னைக் கைகாட்டினார், நான் பேசாமல் நின்றேன். இவர் எழுதிக்கொண்டே என்னைப் பார்த்தார், எழுதாமலும் பார்த்தார். அந்தப் பத்தி கட்டுரை இல்லையடா, பெண் கேட்டு எழுதின கடிதம். மலர் வெளிவந்து இரண்டு மாசத்தில் எங்களுக்குக் கல்யாணம். மருத்துவமனை கொடுத்த பாராட்டுக் கடிதத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார், நீ அதற்குக் கீழே உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதினாய். உனக்கு இதெல்லாம் யார் சொன்னது என்று ரேடியோ அக்கா கேட்டாளே, சுவர் சொன்னது, அப்பா சொன்னார், நான் சும்மா இருந்து சொன்னேன்.

நடந்தது இதுதான். ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் சூடான ரோலருக்கு அடியில் போய் மறுபக்கம் காய்ந்து மடிப்பில்லாமல் வருகிற பெரிய இஸ்திரி மெஷின் அது. துணி விடுகிற வாயில் குறுக்கே ஒரு கம்பி இருக்கும், விரல் காப்புக் கம்பி என்று சொல்வோம். கை கொஞ்சம் கூடுதலாக உள்ளே போனால் அந்தக் கம்பியில் இடிக்கும், இடித்ததும் ரோலர் நின்றுவிடும். நல்ல கம்பிதான், ஆனால் துணி சுருண்டு வந்தாலும் இடித்து நிறுத்திவிடும். அந்த வாரம் அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு விரிப்பு வேண்டும் என்று ஆள் மேல் ஆள் வந்து நின்றார்கள், ஈரத் துணி வண்டி வண்டியாகத் தேங்கிக் கிடந்தது, மெஷின் நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்றது. நான் ஒரு பழைய விரிப்பின் ஓரத்தை நாடாவாகக் கிழித்து, அந்தக் கம்பியை அசையாதபடி சட்டத்தோடு சேர்த்துக் கட்டினேன். யாரும் சொல்லவில்லை, நானாகக் கட்டினேன். கட்டாதடி என்று ரேடியோ அக்கா சொன்னாள். இன்னைக்கு ஒரு நாள் வேலை ஓடட்டும் அக்கா என்றேன். மறுநாளும் அவிழ்க்கவில்லை. மறுநாள் பத்தரை மணிக்கு அவள் வலது கை விரிப்போடு சேர்ந்து உள்ளே போனது. நான் இரண்டடி தள்ளி, கையில் விரிப்பின் மறு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மின்னல் வேகமும் இல்லை, பாய்ச்சலும் இல்லை, மரம் மாதிரி நின்றேன். அவளே உடம்பை வளைத்து இடது கையை நீட்டிச் சுவிட்சை இறக்கினாள். சுவிட்ச் இடது பக்கம் இருந்ததால் எட்டியது. அவளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் மேலே ஓடினார்கள், நான் அந்த நேரத்தில்தான் சுறுசுறுப்பாக ஒரு வேலை செய்தேன், நாடாவை அவிழ்த்து இடுப்பில் செருகிக்கொண்டேன். விசாரணைக்கு வந்தவர் கம்பியை ஆட்டிப் பார்த்தார், நன்றாக வேலை செய்தது. ஊழியரின் கவனக்குறைவு என்று எழுதிக்கொண்டு போனார். அவளுக்கு இரண்டு விரல் இன்று வரைக்கும் மடங்காது. அவளைத் தலையணை உறை எண்ணுகிற இடத்துக்கு மாற்றினார்கள், எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள், அப்புறம் அந்த மேற்பார்வையாளர் நாற்காலியையும் கொடுத்தார்கள். உன் அத்தையையும் சித்தப்பாவையும் இவ்வளவு நேரம் கிண்டல் செய்தேனே, அவர்கள் இல்லாத பெருமையைத்தான் தேடினார்கள், அடுத்தவள் பெருமையைத் தூக்கி வரவில்லை. இந்த வீட்டில் அந்த வேலையைச் செய்தவள் நான் ஒருத்திதான்.

போன ஞாயிற்றுக்கிழமை ரேடியோ அக்கா வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது, மூச்சு வாங்க ஏறினேன். அவள் பெண்ணும் மாப்பிள்ளையும் வெளியே போயிருந்தார்கள், அவள் மட்டும் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காய்ந்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றுவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று நின்றபடியே சொன்னேன், கம்பியைக் கட்டினது நான், அவிழ்த்து ஒளித்ததும் நான் என்று. முப்பத்துமூன்று வருஷத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. கட்டினது நீன்னு எனக்குத் தெரியாதா, நான்தானே கட்டாதேன்னு சொன்னேன் என்றாள். ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்தப்ப இன்னைக்கு வந்து சொல்லுவா, நாளைக்கு வந்து சொல்லுவான்னு பார்த்தேன், நீ பழம் வாங்கிட்டு வந்தே என்றாள். நான் அழுதேன். அழு, ஆனா துணி மேல அழாதே, காஞ்சது என்றாள். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. உட்காரச் சொன்னாள், மிச்சத் துணியை என்னிடம் தள்ளினாள், இரண்டு பேரும் மடித்தோம். இப்போதும் விரிப்பின் நுனியைக் கட்டை விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் பிடித்துத்தான் மடிக்கிறாள், என்னைவிட நேராக மடிக்கிறாள். என் மகனை விட்டு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்லட்டுமா என்று நான் அசட்டுத்தனமாகக் கேட்டேன். எனக்கு ஏதுடி சான்று, என்னைப் பத்தி அச்சுல இருக்கிறது ஒண்ணே ஒண்ணு, கவனக்குறைவுன்னு என்று சொல்லிவிட்டு அந்தப் பெரிய குரலில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எப்பவோ நடந்தது, இப்ப எதுக்கு என்று ஆரம்பித்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அன்னைக்கு நான் உன்கிட்ட திரும்ப ஒரு தடவை கேட்டிருக்கணும், கேட்டா நீ இல்லைன்னு சொல்லிடுவியோன்னு கேட்கல என்றார். பிறகு அந்த முழங்காலோடு ஸ்டூல் மேல் ஏறி அவரே பாராட்டுக் கடிதத்தைக் கழற்றினார். சுவரில் அந்த இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாக இருக்கிறது. அதில் காலண்டர் மாட்டட்டுமா என்றார், வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது. அந்த விவாதப் பக்கத்துக்குப் போய், நான் இவருடைய மகன், மலரைத் தொகுத்தவர் என் அப்பா, மூன்று சான்றும் வீட்டுச் சான்று, பக்கத்தை நீக்கிவிடுங்கள் என்று உன் கையால் எழுது. வேறு விளக்கம் வேண்டாம், என்னைக் காப்பாற்றவும் வேண்டாம். நீக்கிவிட்டார்கள் என்று தெரிந்ததும் ரேடியோ அக்காவுக்கு நான் போய்ச் சொல்கிறேன். உனக்கு அவமானமாகத்தான் இருக்கும், ஒன்பது வருஷ மரியாதை கொஞ்சம் இறங்கும், இறங்கட்டும். இதைப் படித்த பிறகு அம்மாவைப் பற்றி நீ என்ன நினைப்பாய் என்று நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் நீ என்னைத் தப்பாக உயர்வாக நினைப்பதைவிடச் சரியாகத் தாழ்வாக நினைப்பது மேல். மருமகளிடமும் படித்துக் காட்டு. குட்டி பெரியவளானதும் அவளுக்கும் சரியான கதையைச் சொல்லுங்கள்.

எதையாவது எழுத வேண்டும் என்று கை அரித்தால் பொருத்தமான தலைப்பு ஒன்று நானே தேடிவைத்திருக்கிறேன். விரல் காப்புக் கம்பி. தேடிப் பார்த்தேன், அங்கே இல்லை. எனக்குச் சம்பந்தமே இல்லாதவர்கள் எழுதின புத்தகம் நூலகத்தில் இரண்டு இருக்கிறது, தொழிற்சாலைப் பாதுகாப்புக் கையேடு ஒன்று இருக்கிறது, பக்க எண்களைப் பின்னால் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். நான் எழுத மாட்டேன், பாசம் மட்டுமில்லை, பயம் இருக்கிற இடத்திலும் கை நேராக நிற்காது. நீ எழுது. கம்பியைக் கட்டக் கூடாது என்று அதில் எழுத முடியாது, அறிவுரை சொல்லக் கூடாது என்பது உன் பாடம். கட்டினால் என்ன ஆகும் என்று எழுதலாம், கையேட்டில் பன்னிரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. என் பெயரும் வேண்டாம், அவள் பெயரும் வேண்டாம். எங்கேயோ ஒரு சலவைக் கூடத்தில் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒருத்தி படித்தால் போதும்.

குட்டிக்கு என் முத்தங்கள். மருமகளுக்கு என் அன்பு, அவள் உன்னைத் திட்டினால் என் சார்பிலும் சேர்த்துத் திட்டச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசில் மறைக்க ஒன்றும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

ஒன்று மறந்துவிடாதே. அந்தக் கட்டுரைக்கு மெஷினைப் படம் வரைந்து போடுவாய் அல்லவா, அதில் சுவிட்சை இடது பக்கம் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா